மின்னுவதற்கு முன் மின்மினி

புதுக்கோட்டைக்கு வடகிழக்கே, தஞ்சை மாவட்ட எல்லையை ஒட்டி அமைந்த கறம்பக்குடி வட்டாரம், ஏரிகளும் குளங்களும் தென்னந்தோப்புகளும் பலா மரங்களும் முந்திரிக் கொல்லைகளும் ஒன்றையொன்று அடுத்துக் கிடக்கும் நிலப்பகுதி. வடகிழக்குப் பருவமழை நிலத்தை நனைத்த பிறகு, இத்தகைய தோப்போரங்களின் இருட்டில் இரண்டு வகை ஒளி காணக் கிடைக்கும். ஒன்று, ஆள் உயரத்தில் பறந்தபடி விட்டு விட்டு மின்னுவது. மற்றொன்று, வாய்க்கால் கரையின் ஈரச் சருகுக்கு நடுவே, மின்னாமல், மங்கலாக ஒளிர்ந்து மெல்ல அடங்குவது. முதலாவதைக் குழந்தையும் மின்மினி என்று சொல்லிவிடும். இரண்டாவதைப் பெரும்பாலோர் காண்பதில்லை, கண்டாலும் ஏதோ புழு என்று கடந்துவிடுவர். இரண்டும் ஒரே உயிரியின் இருவேறு பருவங்கள் என்பது நெடுங்காலமாகத் தெரிந்த செய்தி. அவற்றுள் மண்ணில் கிடக்கும் மங்கிய ஒளியே பரிணாம வரலாற்றில் மூத்தது, காற்றில் மின்னும் ஒளி அதற்குப் பின் வந்தது என்பது கடந்த சில பத்தாண்டுகளின் ஆய்வுகள் காட்டும் முடிவு.

பெயர் சொல்வதும் உடல் சொல்வதும்

மின், மின் என அடுத்தடுத்து வரும் ஒளித்துடிப்பையே பெயராக்கிக்கொண்ட சொல் மின்மினி. அகநானூற்றின் 72ஆம் பாடலில், மழை பெய்யும் நள்ளிரவில் மின்மினிகள் மொய்த்த புற்றை ஆண் கரடி தோண்டும் காட்சி வருகிறது. அந்த ஒளித்துணுக்குகள், உலோகத்தை அடிக்கும்போது தெறிக்கும் பொறிகளுக்கு ஒப்பிடப்படுகின்றன. மழை, இருள், மண் ஆகிய மூன்றும் மின்மினியோடு சேர்ந்தே பழந்தமிழ்ப் புலவர் கண்ணில் பட்டிருக்கின்றன. எனினும் ஒளியை மட்டும் கொண்டு உறவு சொல்ல முற்பட்டால் தவறு நேரும். பிரேசில் நாட்டுப் புல்வெளிகளில் கறையான் புற்றுகளின் மேல் இரவில் பச்சை விளக்குகள் போல ஒளிர்ந்து இரையைக் கவரும் புழுக்கள் உண்டு. அவை மின்மினிக் குடும்பத்தைச் சேர்ந்தவை அல்ல, மல்லாந்து விழுந்தால் சொடக்குப் போடுவது போன்ற ஓசையுடன் துள்ளி நிமிரும் சொடக்கு வண்டுகளின் குடும்பத்தைச் சேர்ந்தவை.

மின்மினியும் ஒரு வண்டே. முன்னிறக்கைகள் இரண்டும் பறப்பதற்குப் பயன்படாமல் பின்னிறக்கைகளை மூடும் உறைகளாக மாறியிருப்பது வண்டுகளின் பொது இலக்கணம். காண்டாமிருக வண்டில் ஓடு போல இறுகியிருக்கும் அந்த உறை, மின்மினியில் தோல் போல மென்மையாக இருக்கும். தலைக்கு மேல் குடைபோல நீண்டு, மேலிருந்து பார்ப்பவருக்குத் தலையை மறைத்துவிடும் மார்புக் கவசம் அதன் இன்னோர் அடையாளம். இறக்கை உறையின் மேல் மெல்ல விரல் வைத்து, பூச்சியை நசுக்காமல் மல்லாக்கப் புரட்டினால், வயிற்றின் கடைசிப் பகுதியில் பால்வெள்ளை நிறப் பட்டைகள் தெரியும், அவையே விளக்கு. தென்னாசியாவில் மின்னி மின்னிப் பறக்கும் இனங்கள் பெரும்பாலும் அடங்கும் லுசியோலினே என்னும் துணைக்குடும்பத்தில், ஆணுக்கு இந்தப் பட்டை வயிற்றின் இரண்டு வளையக் கண்டங்களிலும் பெண்ணுக்கு ஒரே ஒரு கண்டத்திலும் அமைந்திருக்கும். ஆகவே கையில் வந்த பூச்சி ஆணா பெண்ணா என்பதை, அது ஒளிராத பகலிலும் வெள்ளைப் பட்டைகளை எண்ணியே சொல்லிவிடலாம்.

மின்மினிகளின் குடும்பம் லாம்பிரிடே எனப்படுகிறது. இப்பெயரில் அதனைத் தனிக் குடும்பமாக 1815இல் வகுத்தவர் ராஃபினெஸ்க். இதுவரை விவரிக்கப்பட்டுள்ள இனங்கள் 2,200க்கும் மேற்பட்டவை. சொடக்கு வண்டுகள், பட்டை பட்டையாக ஒளிரும் உடல் கொண்ட ஃபெங்கோடிடே வண்டுகள், ஒளியே இல்லாத படைவீரர் வண்டுகள், வலை போன்ற இறக்கை உறை கொண்ட செந்நிற லைசிடே வண்டுகள் ஆகியவை இதன் நெருங்கிய உறவுக் குடும்பங்கள்; இவை அனைத்தும் எலாட்டராய்டியா என்னும் பெருங்குடும்பத்துள் அடங்குகின்றன. ஒளிர்வனவும் ஒளிராதனவும் இப்படிக் கலந்து கிடப்பதே வகைப்பாட்டியலாரின் முதல் சிக்கல்.

லுசியோலா என்னும் பொதுக்கிடங்கு

இரண்டாவது சிக்கல் மின்மினிகளுக்குள்ளேயே எழுந்தது. மின்னும் ஆசிய இனம் எது அகப்பட்டாலும் அதனை லுசியோலா என்னும் பேரினத்தில் சேர்த்துவிடும் வழக்கம் 19ஆம் நூற்றாண்டில் வேரூன்றியது. பேரினம் நெருங்கிய இனங்களைத் தொகுக்கும் அலகு என்னும் பொருள் மறைந்து, லுசியோலா ஒரு பொதுக்கிடங்காக மாறியது. வேதியியலாளராகப் பணிபுரிந்துகொண்டே மின்மினிகளைத் தொகுத்துவந்த அமெரிக்கர் மெக்டெர்மாட் 1966இல் வெளியிட்ட உலகப் பட்டியல், இனங்களை ஓரிடத்தில் திரட்டித் தந்ததே தவிர, அந்தக் கிடங்கைப் பிரித்து அடுக்கவில்லை. அந்த வேலையைச் செய்தவர் ஆஸ்திரேலியாவின் லெஸ்லி பாலன்டைன். ஒளியின் நிறத்தையும் உடலின் நிறத்தையும் ஒதுக்கிவைத்து, ஆணின் இனப்பெருக்க உறுப்புகளின் வடிவம், வயிற்றின் இறுதிக் கண்டங்களின் அமைப்பு, பெண்ணின் உள்ளுறுப்புகள் ஆகியவற்றை அளவுகோலாகக் கொண்டு, அவரும் உடன் ஆய்வாளர்களும் லுசியோலாவிலிருந்து அசிமெட்ரிகாட்டா, அப்ஸ்காண்டிட்டா, ஸ்கிலெரோஷியா முதலிய பேரினங்களைப் பிரித்தெடுத்தனர்.

ஒரே ஒரு பூச்சியின் பெயர் மாறிய கதை இதனைத் தெளிவாக்கும். 1767இல் லின்னேயஸ் லாம்பிரிஸ் சைனென்சிஸ் என்று பெயரிட்ட மின்மினி, பின்னர் லுசியோலாவுக்குள் கொண்டுவரப்பட்டது. 2013இல் அப்ஸ்காண்டிட்டா என்னும் புதிய பேரினம் உருவாக்கப்பட்டபோது அதற்குள் சென்று அப்ஸ்காண்டிட்டா சைனென்சிஸ் ஆனது. பெயரில் சீனம் இருந்தாலும் இந்தியாவிலும் வாழும் இந்த இனத்தின் ஒளித்துடிப்பை அசாமில் கௌஹாத்திப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் லுசியோலா பிரயூஸ்டா என்ற பெயரில் அளந்துவந்தனர். அந்தப் பெயரும் சைனென்சிஸும் குறிப்பது ஒரே பூச்சியைத்தான் என்று பின்னர் தெளிவாயிற்று. பெயர்கள் இவ்வாறு மாறுவது குழப்பம் போலத் தோன்றினாலும், ஒவ்வொரு மாற்றமும் யாருக்கு யார் நெருங்கிய உறவு என்ற கேள்விக்கு முன்னைவிடத் துல்லியமான விடையாகும். அந்த விடை இல்லாமல் ஒளி எங்கே தொடங்கியது என்று கேட்கவே முடியாது.

கொழுப்பைக் கையாண்ட நொதி

உயிருள்ள உடலுக்குள் வேதிவினையால் உண்டாகும் ஒளி உயிரொளிர்வு எனப்படும். 1880களில் பிரான்சு நாட்டு ரஃபேல் துய்புவா, ஒளிரும் சொடக்கு வண்டிலும் பின்னர் ஒளிரும் சிப்பியிலும் நடத்திய சோதனைகளில், ஒளிக்கு இரண்டு பொருள்கள் தேவை என்று கண்டார்: எரிபொருள் போலச் செலவாகும் லுசிஃபெரின், அந்த வினையை நடத்திவைக்கும் நொதியாகிய லுசிஃபெரேஸ். 1947இல் வில்லியம் மெக்எல்ராய் மூன்றாவது தேவையைச் சேர்த்தார். செல்கள் ஆற்றலைச் சேமித்துச் செலவிடும் ஏடிபி என்னும் மூலக்கூறு இல்லாவிட்டால் மின்மினியின் விளக்கு எரியாது. லுசிஃபெரின் முதலில் ஏடிபியால் தூண்டப்படுகிறது. பிறகு உயிர்வளியுடன் சேர்ந்து சிதைகிறது. சிதைந்து மிஞ்சும் மூலக்கூறு தன்னிடமுள்ள மிகை ஆற்றலை ஒளியாக உமிழ்ந்து அமைதியடைகிறது. இந்த வினையில் 100 லுசிஃபெரின் மூலக்கூறுகளுக்கு 88 ஒளித்துகள்கள் கிடைக்கும் என்று நெடுங்காலம் நம்பப்பட்டது. 2008இல் திருத்தமாக அளந்தபோது கிடைத்த எண் 41. குறைந்துவிட்ட பிறகும், உயிரொளிர்வு வினைகளுள் இது மிக உயர்ந்த திறனே.

தூக்கணாங்குருவி ஈரக் களிமண்ணில் மின்மினியை ஒட்டவைத்துக் கூட்டுக்கு விளக்கேற்றுகிறது என்று ஊர்ப்புறங்களில் சொல்லப்படுவதுண்டு. குருவி தன் கூட்டுக்குள் களிமண் அப்புவது உண்மை. விளக்கு மட்டும் நிலைக்காது. மண்ணில் புதைந்த பூச்சிக்குக் காற்று தடைப்பட்டால் வினைக்கு வேண்டிய உயிர்வளி நிற்கும். பூச்சி இறந்தால் ஏடிபி தீர்ந்துபோகும். இரண்டில் எது நேர்ந்தாலும் ஒளி அவிந்துவிடும்.

லுசிஃபெரேஸ் என்னும் இந்த நொதி எங்கிருந்து வந்தது என்பதே பரிணாமக் கேள்வியின் நடு. எல்லாப் பூச்சிகளின் செல்களிலும் கொழுப்பு அமிலங்களை உடைப்பதற்கோ கட்டுவதற்கோ ஆயத்தப்படுத்தும் நொதிகள் உள்ளன. அவை கொழுப்பு அமிலத்தை ஏடிபியால் தூண்டும் முதல் படியும், லுசிஃபெரேஸ் தன் லுசிஃபெரினைத் தூண்டும் முதல் படியும் ஒரே வகையான வினை. 2018இல் வட அமெரிக்க மின்மினி ஒன்று, ஜப்பானிய மின்மினி ஒன்று, கரீபியத் தீவின் ஒளிரும் சொடக்கு வண்டு ஒன்று ஆகிய மூன்றின் முழு மரபணுத் தொகுதிகளும் ஒப்பிடப்பட்டன. மின்மினிகளின் லுசிஃபெரேஸ் மரபணு, கொழுப்பு அமில நொதியின் மரபணு இரட்டித்துப் பெருகிய இடத்தில் உருவானது என்பது அப்போது புலப்பட்டது. ஒரு நகல் பழைய வேலையைத் தொடர, மிகுதிப்பட்ட மற்றொரு நகல் புதிய வேலைக்கு மாறியது. சொடக்கு வண்டின் ஒளி நொதி இதே மூதாதை நொதிக் குடும்பத்திலிருந்து, ஆனால் தனியாக, மற்றொரு முறை உருவாகியிருந்தது. பிரேசிலின் புற்றில் ஒளிரும் புழுவுக்கும் மின்மினிப் புழுவுக்கும் உள்ள ஒற்றுமை உடன்பிறந்தார் ஒற்றுமை ஆகாது; ஒரே தொழிலை இருவர் தனித்தனியே கற்றுக்கொண்ட ஒற்றுமை.

ஒளிக்கான வாய்ப்பு பழைய நொதிக்குள்ளேயே உறங்கிக் கிடந்தது என்பதற்கு 2014இல் ஒரு நேரடிச் சான்று கிடைத்தது. அழுகிய பழத்தில் மொய்க்கும் பழ ஈக்கு ஒளிரும் தன்மை கிடையாது. ஆயினும் அதன் கொழுப்பு அமில நொதி ஒன்றுக்கு, ஆய்வகத்தில் செயற்கையாக ஆக்கப்பட்ட ஒருவகை லுசிஃபெரினைக் கொடுத்தபோது அது ஒளி உமிழ்ந்தது.

நத்தையின் தடத்தில் ஓர் எச்சரிக்கை

ஒளி எதற்காக நிலைபெற்றது என்பது அடுத்த கேள்வி. ஆணும் பெண்ணும் இணை தேடுவதற்காக என்ற விடை முதலில் நாவில் வரும். சருகுக்கடியில் கிடக்கும் புழு அதனை மறுக்கிறது. மின்மினிப் புழு இனப்பெருக்கம் செய்யாது. அதற்கு இணை தேட வேண்டிய தேவையே இல்லை. எனினும் இதுவரை அறியப்பட்ட மின்மினி இனங்களின் புழுக்கள் அனைத்தும் ஒளிர்கின்றன. மாறாக, பகலில் பறந்து மணத்தின் வழியே இணை தேடும் பல இனங்களின் வளர்ந்த பூச்சிகள் ஒளிர்வதே இல்லை. எல்லாக் கிளைகளுக்கும் பொதுவான பண்பு மூதாதையிடமிருந்து வந்ததாகவே இருக்கக்கூடும் என்ற வகைப்பாட்டியல் நெறிப்படி, 2000ஐ ஒட்டிய ஆண்டுகளில் மார்க் பிரான்ஹம், ஜான் வென்செல் ஆகிய இருவரும் உறவு மரம் வரைந்து, ஒளி முதலில் புழுப் பருவத்தில் தோன்றிப் பிறகே வளர்ந்த பூச்சிகளுக்குக் கைமாறியது என்று காட்டினர்.

அந்தப் புழுவை அருகில் வைத்துப் பார்த்தால் அதன் வாழ்க்கை விளங்கும். தட்டையாக, தகடுகள் அடுக்கியது போன்ற முதுகுடன், சிறு தலையை உள்ளிழுத்துக்கொண்டு அது நகரும். வயிற்றின் நுனியில் உள்ள பற்றுறுப்பு, வழுக்கும் நத்தை ஓட்டின் மேலும் அதனை நிலைநிறுத்தும். நத்தை விட்டுச்சென்ற பசைத் தடத்தைப் பின்பற்றிச் செல்லும் புழு, அரிவாள் வடிவில் வளைந்த தாடைகளால் நத்தையின் மென்னுடலைக் குத்துகிறது. தாடைகளின் உள்ளே ஓடும் நுண்குழாய் வழியே பாயும் நஞ்சு நத்தையை முடக்க, செரிமான நீர் அதன் தசையைக் கூழாக்க, புழு அதனை உறிஞ்சிக்கொள்கிறது. கேரளத்திலும் இலங்கையிலும் வாழும் லாம்பிரிஜெரா என்னும் பெரிய மின்மினியின் புழு, தோட்டப் பயிர்களை அழிக்கும் ஆப்பிரிக்கப் பெருநத்தையையே வீழ்த்திவிடும். மாதக்கணக்கில், சில இனங்களில் ஓராண்டுக்கு மேலும், இவ்வாறு தின்று வளரும் புழுப் பருவமே மின்மினியின் வாழ்நாளில் மிகுதியான பங்கு. சில வாரங்களே வாழும் வளர்ந்த பூச்சிகளில் பல இனங்கள் எதையும் உண்பதே இல்லை.

இத்தனை நாள் மண்ணில் கிடக்கும் மெல்லுடலுக்குத் தேரை, பல்லி, எறும்பு என எதிரிகள் பலர். மின்மினிகள் பலவற்றின் உடலில் எதிரிக்குக் கசக்கும் வேதிப்பொருள்கள் உள்ளன. அவற்றுள் ஒன்றான லுசிபுஃபாகின், தேரைகளின் தோல் நஞ்சை ஒத்த அமைப்புடையது என்று தாமஸ் ஐஸ்னர் குழு 1978இல் கண்டறிந்தது. இது எல்லா மின்மினிகளிலும் இருப்பதில்லை. மேலே சொன்ன ஜப்பானிய இனத்தில் அது கிடையாது. இருட்டில் நிறம் காட்டி எச்சரிக்க முடியாத நிலையில், நஞ்சுள்ள உயிரிக்கு ஒளியே எச்சரிக்கைப் பலகையாகிறது. 2003இல் பெல்ஜியத்தில் நடந்த சோதனையில், மின்மினிப் புழுவைத் தின்னப் பார்த்துக் கசப்பு கண்ட தேரைகள், பின்னர் செயற்கை ஒளி காட்டிய தீங்கற்ற இரையையும் தின்னத் தயங்கின. 2018இல் நடந்த மற்றொரு சோதனையில், முன்பின் மின்மினியை அறியாத வௌவால்கள், அதன் கசப்பையும் ஒளியையும் பறக்கும் விதத்தையும் இணைத்து நினைவில் கொண்டு விலகக் கற்றன. எச்சரிக்கைக்கு மின்னத் தேவையில்லை. மங்கலாக, சீராக ஒளிர்ந்தாலே போதும்.

ஒளிர்விலிருந்து மின்னலுக்கு

புழுவின் விளக்கும் பூச்சியின் விளக்கும் ஒன்றே நீண்டு வளர்ந்தவை அல்ல. புழுவின் வயிற்று நுனிக்கு அருகில், எட்டாம் கண்டத்தில் இருக்கும் இரண்டு சிறு ஒளிப்புள்ளிகள், கூட்டுப்புழுப் பருவம் முடிந்து உடல் மாறும்போது மறைந்துபோகின்றன. அதற்கு முன்னுள்ள கண்டங்களில் புதிய விளக்கு புதிதாகவே கட்டப்படுகிறது. புதிய விளக்கில் ஒளிரும் செல்களுக்குப் பின்னால் யூரிக் அமில மணிகள் நிறைந்த ஓர் அடுக்கு கண்ணாடி போல ஒளியை வெளிநோக்கித் திருப்ப, செல்களுக்கு இடையே நெருக்கமாகப் பின்னிய மூச்சுக்குழாய்கள் உயிர்வளியைக் கொண்டுவருகின்றன. நரம்பின் ஆணை வந்ததும் நைட்ரிக் ஆக்சைடு என்னும் சிறு மூலக்கூறு வெளிப்பட்டு, உயிர்வளி ஒளிச்செல்லை எட்ட வழிவிடுகிறது என்பது 2001இல் வெளியான விளக்கம். மங்கலாக, சீராக எரிந்த ஒளிக்கு இவ்வாறு ஒரு சுவிட்சு கிடைத்தது, ஒளிர்வு மின்னலாயிற்று.

மின்னத் தெரிந்ததும் ஒளி மொழியாக மாறியது. வட அமெரிக்காவின் ஃபோட்டினஸ் பைராலிஸ் இனத்தில் ஆண் ஒவ்வொரு முறை மின்னும்போதும் கீழிறங்கி மேலேறி வளைகோடு ஒன்றை ஒளியால் வரைய, புல்லில் அமர்ந்த பெண் ஏறத்தாழ 2 விநாடி பொறுத்து ஒற்றை மின்னலால் மறுமொழி சொல்கிறது. துடிப்பின் நீளம், இடைவெளி, நிறம் ஆகியவை இனத்துக்கு இனம் மாறுவதால், ஒரே புல்வெளியில் பல இனங்கள் கலந்து பறந்தாலும் இணை தவறுவதில்லை. மொழி இருக்கும் இடத்தில் பொய்யும் உண்டு என்பதற்கு ஃபோட்டூரிஸ் பேரினத்தின் பெண் சாட்சி: வேறு இனப் பெண்ணின் மறுமொழியை நடித்து, அதை நம்பி இறங்கி வரும் ஆணைப் பிடித்துத் தின்பதை ஜேம்ஸ் லாய்ட் 1965இல் வெளிப்படுத்தினார். அவ்வாறு தின்ற ஆணின் உடலிலிருந்து லுசிபுஃபாகினையும் அது தனதாக்கிக்கொள்கிறது என்று பிற்காலத்தில் தெரிந்தது.

மொழியின் உச்சம் சேர்ந்திசை. மலேசியாவின் கோல சிலாங்கூரில், ஆற்றோர அலையாத்தி மரங்களில் திரளும் டெரொப்டிக்ஸ் டெனர் இன ஆண்கள் ஒரே நேரத்தில் எரிந்து ஒரே நேரத்தில் அணைகின்றன. தமிழ்நாட்டில் ஆனைமலைப் புலிகள் காப்பகத்தின் உலாந்தி வனச்சரகத்தில், கோடை மழை தொடங்கும் பருவத்தில், காட்டையே நிறைத்து அலையலையாக ஒத்திசைந்து மின்னும் பெருங்கூட்டம் 2022இல் வனத்துறையின் ஆவணப் பதிவால் பரவலாக அறியப்பட்டது. முன்பு கண்ட அப்ஸ்காண்டிட்டாவும் இந்த டெரொப்டிக்ஸும் லுசியோலினே என்னும் ஒரே கிளையைச் சேர்ந்தவை என்பது இங்கே நினைவுகொள்ளத் தக்கது.

இந்தக் கிளை எவ்வளவு பழையது என்பதை மியன்மாரின் கச்சின் பகுதியில் கிடைக்கும் அம்பர் காட்டுகிறது. அம்பர் என்பது மரப்பிசின் மண்ணில் புதைந்து கல்லாக இறுகிய பொருள். அதில் சிக்கிய பூச்சி நுண்மயிர் கூடச் சிதையாமல் இருக்கும். ஏறத்தாழ 9.9 கோடி ஆண்டுகளுக்கு முற்பட்ட அத்தகைய அம்பரிலிருந்து 2015இல் புரோட்டோலுசியோலா என்னும் மின்மினியும் 2024இல் ஃபிளமாரியோனெல்லா என்னும் மின்மினியும் விவரிக்கப்பட்டன. இரண்டின் வயிற்றிலும் விளக்குப் பட்டைகள் தெரிகின்றன. டைனோசர்கள் நடமாடிய காலத்திலேயே வளர்ந்த பூச்சியின் விளக்கு உருவாகிவிட்டது என்றால், புழுவின் ஒளி அதற்கும் முந்தையது. 2020இல் ஜப்பானின் யூய்ச்சி ஓபா குழு, இன்றைய இனங்களின் மரபணுக்களை ஒப்பிட்டுக் கணித்து, ஏறத்தாழ 10 கோடி ஆண்டுகளுக்கு முன் இருந்திருக்கக்கூடிய மூதாதை லுசிஃபெரேஸை ஆய்வகத்தில் மீண்டும் உருவாக்கியது. அது உமிழ்ந்த ஒளி, இன்றைய பல மின்மினிகளின் மஞ்சள்பச்சையாக இல்லாமல், ஆழ்ந்த பச்சையாக இருந்தது.

தோப்பின் தரையில்

மின்மினி குறைந்து வருகிறது என்னும் பேச்சு எங்கும் உள்ளது. 2020இல் சாரா லூயிஸ் முதலானோர் உலகெங்கும் உள்ள வல்லுநர்களின் கருத்தைத் திரட்டியபோது, வாழிட இழப்பு, செயற்கை ஒளி, பூச்சிக்கொல்லி ஆகிய மூன்றும் பெரும் அச்சுறுத்தல்களாகக் குறிக்கப்பட்டன. இவற்றுள் செயற்கை ஒளி பறக்கும் பூச்சியின் பேச்சைக் குலைப்பது: தெருவிளக்கின் வெள்ளை வெளிச்சத்தில் ஆணின் மின்னல் பெண்ணுக்குத் தெரியாமல் போகிறது. மற்ற இரண்டும் முதலில் புழுவையே தாக்குகின்றன. நத்தைக்கு வைக்கும் மருந்து புழுவின் இரையை இல்லாமலாக்குகிறது. சருகைக் கூட்டி எரித்த தோப்பிலும், ஈரம் நிற்காத தைலமரக் காட்டிலும் அது ஒதுங்க இடமில்லை. கரை முழுவதும் சிமெண்ட் பூசிய வாய்க்காலில் அது கூட்டுப்புழுவாகப் புதையும் மண் கிடையாது.

ஆதலால் கறம்பக்குடியின் ஒரு தோப்பில் அடுத்த மழைக்கு மின்மினி இருக்குமா என்று அறிய விரும்புபவர், அண்ணாந்து பார்ப்பதைவிடக் குனிந்து பார்ப்பது பொருத்தம். கைவிளக்கை அணைத்துச் சில நிமிடம் கண் இருட்டுக்குப் பழகும் வரை காத்திருந்தால், நத்தை ஊர்ந்த ஈரச் சருகின் ஓரத்தில் இரண்டு பச்சைப் புள்ளிகள் மெல்லத் தெளிந்து, காலடி அதிர்வு பட்டதும் சற்றுக் கூடி, பிறகு அடங்கும். அந்தப் புள்ளிகள் எந்த இணையையும் அழைக்கவில்லை, தீண்டாதே என்கின்றன. மின்மினி முதன்முதலில் பேசிய சொல் அதுவே.